கருவி சொன்னால் போதுமா?

(தோட்டப் பொது மண்டபத்தில் மாதர் சங்கத்தினரும் இளைஞர் மன்றத்தினரும் கூடிய மாதாந்தக் கூட்டத்தில், நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



போன கூட்டத்தில் சத்துணவு பற்றிப் பேசினோம். அதற்கு முந்திய கூட்டத்தில் பிள்ளை மடுவம் பற்றிப் பேசினோம். இன்றைக்கு நான் வெப்பமானியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தலைவி சொன்னதும் பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தது எனக்குக் கேட்டது. சிரிப்பது நியாயம்தான். வெப்பமானி ஆபீஸ் சுவரில் தொங்குகிற சாமான். அதற்கும் கூடை தூக்குகிற நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

சம்பந்தம் இருக்கிறது. அந்தச் சாமான் காட்டிய ஒரே ஒரு இலக்கத்தால் நாற்பது பெண்களுடைய முழுப் பேர் அரைப் பேராகிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தது மட்டுமில்லை, அதற்கு ஒத்தும் ஊதினேன். அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

நான் இந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு முன்னால், நுவரெலியாப் பக்கத்தில் உயரமான ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தேன். பேர் வேண்டாம். ஜனவரி மாதம். முதல் நாள் இரவு வானத்தில் ஒரு மேகம் இல்லை, காற்று இல்லை, நட்சத்திரம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. உங்களில் வயதானவர்களுக்கு அந்த இரவின் அர்த்தம் தெரியும். விடிந்ததும் பள்ளத்து மலையில் இருந்து ஒரு பெரியம்மா பெரட்டுக்களத்துக்கு ஓடி வந்தார். "ஐயா, பள்ளம் முழுக்க வெள்ளையா உறைஞ்சு கெடக்கு. இப்ப கை வைச்சா கொழுந்து கருகிப்போகும். எங்களுக்கு மேட்டு மலையில வேலை குடுங்க" என்று கேட்டார்.

அப்போது பொறுப்பில் இருந்தவர் ஆபீஸ் சுவரைப் பார்த்தார். அங்கே தொங்கிய வெப்பமானி ஆறு பாகை காட்டியது. ஆறு டிகிரியில் தண்ணீர் உறையாது, பூச்சியத்தில்தான் உறையும், இது வெறும் பனித்துளி என்று சொல்லிவிட்டார். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நலன்புரி என்று பேர் வைத்துக்கொண்டு நிற்கிறவன் நான்தானே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கருவி பொய் சொல்லாது பெரியம்மா" என்று சொன்னேன்.

அவர் தம் கையை நீட்டினார். விரல் நுனி எல்லாம் சிவந்து விறைத்திருந்தது. "அப்போ என் கை பொய் சொல்லுதா, ஐயா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவர்கள் பள்ளத்துக்கே போனார்கள். மூன்றாம் நாள் அந்த மலையில் கொழுந்து எல்லாம் சுருட்டு நிறத்துக்குக் கருகி நின்றது. எடுக்க வேண்டிய கிலோவை யாரும் எடுக்க முடியவில்லை. இரண்டு நாளைக்கு அரைப் பேர் விழுந்தது. அந்தக் காசு பிறகு திரும்பி வரவும் இல்லை.

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. கருவி ஆறு என்கிறது. கை உறைபனி என்கிறது. இரண்டில் எது பொய்? நான் படித்தவர்களிடம் கேட்டேன், பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடம் பாடம் படித்தேன், சில சோதனைகளை நானே செய்தும் பார்த்தேன். கடைசியில் தெரிந்தது இதுதான். பெரியம்மாவின் கை சொன்னது முழு உண்மை. வெப்பமானி சொன்னதில் மூன்று பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது பிழை, கருவிக்குள்ளேயே இருந்தது. ஒரு தராசு சரியா என்று பார்க்க நாம் என்ன செய்கிறோம்? கொழுந்து நிறுக்கும்போது தராசு முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறோம் இல்லையா? வெப்பமானிக்கும் அப்படி ஒரு பூச்சியம் இருக்கிறது. உருகிக்கொண்டிருக்கும் சுத்தமான ஐஸ்கட்டியின் வெப்பம் எப்போதும் பூச்சியம் பாகை. கொழும்பிலும் பூச்சியம்தான், நுவரெலியாவிலும் பூச்சியம்தான். ஐஸைப் பொடியாக உடைத்து ஒரு கோப்பையில் நிரப்பி, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த சுத்தத் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் கலக்கி, வெப்பமானியின் குமிழை நடுவில் வைத்து ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். நல்ல கருவி பூச்சியத்தில், அல்லது அரைப் பாகை அப்படி இப்படி, நிற்கும். நான் அனுமதி வாங்கி அந்தச் சுவர் வெப்பமானியைச் சோதித்தேன். அது இரண்டில் நின்றது. அதாவது குளிரில் அது இரண்டு பாகை கூட்டிச் சொல்கிறது. அந்தக் காலை ஆறு என்றது உண்மையில் நாலுதான்.

சோதனை செய்ய ஆசைப்படும் தம்பிமாருக்கு ஒரு எச்சரிக்கை. கொதிநீரில் போட்டுச் சோதிக்காதீர்கள். காற்றின் வெப்பத்தை அளக்கும் வெப்பமானி அந்தச் சூட்டில் வெடித்துவிடும். அதோடு நம்முடைய உயரத்தில் தண்ணீர் நூறு பாகையில் கொதிப்பதும் இல்லை. நுவரெலியா அளவு உயரத்தில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியும் இதற்கு உதவாது. அது உடம்புச் சூட்டைச் சுற்றிய சில பாகைகளை மட்டும்தான் காட்டும். பாதரசம் உள்ள பழைய கருவி உடைந்தால் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். அது நஞ்சு.

இரண்டாவது பிழை, கருவி தொங்கிய இடம். பகல் முழுக்க வெயில் குடித்த கற்சுவர் இரவு முழுக்கச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். குளிர் நாளில் நாம் சுவரில் சாய்ந்து உட்காருவது எதற்காக? அதே சுவரில்தான் வெப்பமானியும் சாய்ந்திருந்தது. மேலே கூரை, பக்கத்தில் கதவு, கதவுக்குள்ளே காலையில் தேநீர் கொதிக்கிற அடுப்பு. அது வெளியில் இருக்கும் காற்றை அளக்கவில்லை, ஆபீஸின் மூச்சை அளந்தது.

வானிலை நிலையங்களில் வெள்ளை நிறத்தில், பக்கமெல்லாம் சாய்ந்த பலகை வைத்த ஒரு பெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோழிக்கூடு மாதிரி காலில் நிற்கும். அதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பேர். தோமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் அமைத்துக் கொடுத்தது. கலங்கரை விளக்கம் கட்டுகிற பொறியியலாளர் அவர். கதை எழுதிப் புகழ்பெற்ற ரொபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தகப்பனார். அந்தப் பெட்டிக்குள் வெயில் நேரே விழாது, மழை விழாது, ஆனால் காற்று தாராளமாகப் போய் வரும். நனைந்த வெப்பமானி, ஈரச் சேலை உடம்பைக் குளிர வைப்பது மாதிரி, உள்ளதை விடக் குறைத்துக் காட்டும். வெயில் பட்டது கூட்டிக் காட்டும். இரண்டில் இருந்தும் காப்பாற்றத்தான் பெட்டி. பிற்பாடு தோட்டத்துத் தச்சரைக் கொண்டு அப்படி ஒரு பெட்டி செய்து, பள்ளத்து மலை ஓரம் வெளியில் வைத்து, ஏழு நாள் காலையில் சுவரையும் பெட்டியையும் ஒரே நேரத்தில் வாசித்தோம். கருவிப் பிழையைக் கழித்த பிறகும் சுவரில் ஏறக்குறைய இரண்டு பாகை அதிகமாகவே இருந்தது. ஆக நாலும் இரண்டானது.

மூன்றாவது, உயரம். இதை உண்மையில் பிழை என்று சொல்லக் கூடாது, நம்முடைய விளக்கக் குறைவு என்று சொல்லலாம். பெட்டி தரையில் இருந்து நாலடி, அதற்குச் சற்று மேல் உயரத்தில் நிற்கும். உலகம் முழுக்க ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையும் புல்லும் இலையும் தங்கள் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிடும். மேகம் இருந்தால் அது கம்பளி மாதிரி சூட்டைத் திருப்பி அனுப்பும். மேகம் இல்லாவிட்டால் கம்பளி இல்லை. காற்று அடித்தால் மேலே உள்ள சூடான காற்றைக் கீழே கலந்துவிடும். காற்றும் இல்லாவிட்டால் கலப்பதற்கு ஆள் இல்லை. அதனால் நாலடி உயரத்துக்கும் புல் நுனிக்கும் மூன்று, நாலு, ஐந்து பாகை வித்தியாசம் வருவது சாதாரணம். குளிர்ந்த காற்று பாரமானது. அது தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டு மலை பச்சையாக நிற்கும்போது பள்ளத்து மலை மட்டும் வெள்ளையாவது இதனால்தான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவரில் ஆறு. கருவிப் பிழை இரண்டு போனால் நாலு. சுவர்ச் சூடு இரண்டு போனால் இரண்டு. பெட்டி உயரத்தில் இருந்து கொழுந்துக்கு மூன்று போனால், பூச்சியத்துக்குக் கீழே ஒன்று. பெரியம்மாவின் கை இதைத்தான் சொன்னது.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கருவி நமக்குச் சாதகமாகப் பேசினாலும் அதைச் சோதிக்கத்தான் வேண்டும். ஒரு வெப்பமானியைப் பள்ளத்துப் புல்லில் படுக்க வைத்துவிட்டு, பூச்சியம் காட்டுகிறது, ஆகையால் தோட்டம் முழுக்க உறைபனி என்று சொல்வதும் சரியில்லை. அந்தப் புல்லுக்கு அது உண்மை. மேட்டு மலைக்கு அது உண்மையில்லை. எந்த இலக்கத்தையும் கேட்கும்போது, எந்த இடம், எந்த உயரம், எந்த நேரம் என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

இதெல்லாம் நம் தோட்டத்துப் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். நம்மைவிட எத்தனையோ மடங்கு குளிரான நாடுகளில், பெரிய பெரிய விஞ்ஞானிகளும் இதே பாடுதான் படுகிறார்கள். அங்கே நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மவுண்ட் வாஷிங்டன் என்று ஒரு மலை. உயரம் 1,917 மீற்றர். நம்முடைய நுவரெலியா 1,868 மீற்றர். ஏறக்குறைய ஒரே உயரம்தான். ஆனால் அது வடக்கே வெகு தூரத்தில் இருப்பதால், அங்கே குளிர் காலத்தில் உறைபனி கல்லு மாதிரி கட்டிவிடும். உச்சியில் ஒரு வானிலை நிலையம். 1934 ஏப்ரல் 12 விடியற்காலை அங்கே புயல். காற்றுமானி மணிக்கு 105 மைல் என்று காட்டியது. காவலுக்கு இருந்த அவதானிப்பாளருக்குச் சந்தேகம். காற்று ஊளையிடுகிற சத்தத்துக்கு இந்த இலக்கம் பொருந்தவில்லையே என்று நினைத்தார். ஒரு மரத்தடியை எடுத்துக்கொண்டு அந்தப் புயலுக்குள் ஏறிப் போய்ப் பார்த்தார். காற்றுமானியில் ஐஸ் கட்டிப் போயிருந்தது. தட்டி உடைத்துவிட்டு உள்ளே வந்து பார்த்தால் வேகம் 150 மைல். அன்று பகல் அதே கருவி மணிக்கு 231 மைல் காட்டியது. கிலோமீற்றரில் சொன்னால் 372. பிறகு அந்தக் கருவியையே சோதனைக்கு அனுப்பி, சரியாக அளந்திருக்கிறது என்று உறுதிப்படுத்தினார்கள். அறுபது வருடத்துக்கு மேல் உலக சாதனையாக அது நின்றது.

இதில் நான் கவனித்தது என்ன தெரியுமா? அந்த மனிதர் கருவியைத் தூக்கி எறியவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை. காது சொன்னதும் கருவி சொன்னதும் ஒத்துப்போகாதபோது எழுந்து போய்ப் பார்த்தார். அன்றைக்குப் பெரட்டுக்களத்தில் நான் செய்யாமல் விட்டது அதைத்தான். பள்ளத்துக்குப் போக எனக்குக் கால் மணித்தியாலம்தான் ஆகியிருக்கும்.

இரண்டாவது சம்பவம் கிரீன்லாந்தில். அங்கே ஐஸ் மூடிய மேட்டில், மூவாயிரம் மீற்றருக்கு மேல், ஆளில்லாமல் தானே அளக்கிற ஒரு தானியங்கி நிலையம் 1990களின் தொடக்கத்தில் இருந்தது. கிளிங்க் என்று பேர். 1991 டிசம்பர் 22ஆம் திகதி அது பூச்சியத்துக்குக் கீழே 69.6 பாகை என்று பதிந்தது. பூமியின் வட பாதியில் அதுவரை தெரிந்திருந்த ஆகக் கடுமையான குளிர், சைபீரியாவில் 1892இலும் 1933இலும் அளந்த 67.8தான். அப்படியானால் இது புதிய சாதனை. ஆனால் உலக வானிலை அமைப்பு அதை ஏற்று அறிவித்தது எப்போது? 2020இல். இருபத்தெட்டு வருடம் கழித்து. அந்தக் கருவியை எப்படிச் சோதித்தார்கள், எப்படிப் பொருத்தினார்கள், அதே நேரத்தில் சுற்று வட்டாரத்தில் வானிலை எப்படி இருந்தது என்று பழைய பதிவுகளையெல்லாம் கிளறிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

சோதனையில் தோற்றுப்போன இலக்கமும் உண்டு. லிபியா நாட்டில் அல் அஸீஸியா என்ற ஊரில் 1922 செப்டம்பர் 13 அன்று 58 பாகை வெயில் அடித்தது என்று தொண்ணூறு வருடமாக உலகம் முழுக்கப் பிள்ளைகள் பாடமாக்கினார்கள். 2012இல் உலக வானிலை அமைப்பு அதைத் தள்ளிவிட்டது. அன்றைக்கு வாசித்தவர் அனுபவமில்லாதவர், கருவியின் அளவு முள்ளைத் தவறான முனையில் வாசித்திருக்கக்கூடும் என்று கண்டார்கள். கருவி சரியாக இருந்தாலும் வாசிக்கிற கண் தவறலாம். வெப்பமானியைக் கண் மட்டத்தில் வைத்து வாசிக்க வேண்டும். மேலே இருந்து எட்டிப் பார்த்தால் ஒரு இலக்கம், கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் வேறு இலக்கம். மூச்சு குமிழில் படக்கூடாது. அதுவும் சூடு.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பெரியவர்கள் சொன்னது கருவிக்கும் பொருந்தும்.

இப்போது தானாக அளந்து, தானாகத் தொலைபேசி வழியாக அனுப்புகிற கருவிகள் வந்துவிட்டன. அவற்றில் உள்ள அளக்கும் உறுப்பை உணரி என்கிறார்கள், சென்சர் என்றும் சொல்வார்கள். நல்ல சாமான்தான். ராத்திரி தூங்காது, மழைக்கு ஒதுங்காது. ஆனால் குளிர் நாடுகளில் அதற்கு வருகிற வியாதிகளைக் கேளுங்கள். காற்றுமானி ஐஸில் இறுகினால், புயல் அடிக்கும்போதே காற்று பூச்சியம் என்று அனுப்பும். வெப்ப உணரி பனிக்குவியலுக்குள் புதைந்துவிட்டால், வெளியே குளிர் ஏறி இறங்க அது மட்டும் அசையாமல் ஒரே இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். தரை முழுக்கப் பனி மூடிய இடத்தில், காற்றில்லாத பகலில், பனியில் பட்டுத் தெறிக்கிற வெயில் உணரியைச் சுட்டுப் பல பாகை கூட்டிவிடும். மழைமானியின் புனலில் பனி நிரம்பி அடைத்தால் பனி கொட்டிய நாளில் பூச்சியம் காட்டும். இரண்டு நாள் கழித்து நல்ல வெயிலில் பனி உருக, வானம் வெளுத்திருக்கும்போது மழை பெய்ததாக அனுப்பும்.

நம் மலையில் பனிக்குவியல் இல்லை. ஆனால் நமக்கும் வேறு அடைப்புகள் உண்டு. மழைமானிப் புனலில் சவுக்கு இலை, பாசி, குளவிக் கூடு. வெப்பமானிப் பெட்டியில் எட்டுக்கால் பூச்சி வலை. மழைமானிக்கு மேலே வளர்ந்து நிழல் போட்டுவிட்ட மரம். பெட்டரி இறங்கிப்போன கருவி. நோய் வேறு, குணம் ஒன்றுதான். கருவி சாகும்போது சத்தம் போடாது. பெரும்பாலும் ஒரு இலக்கத்தைச் சொல்லிக்கொண்டேதான் சாகும்.

அதனால் ஒரு இலக்கம் நம்பத்தக்கதா என்று பார்க்க, விஞ்ஞானிகள் கேட்கிற நாலு கேள்விகளை நாமும் கேட்கலாம். இளைஞர் மன்றத் தம்பிமார் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, இப்படி நடக்க முடியுமா? நம் மலையில் ஜனவரி விடியற்காலை முப்பது பாகை வராது.

இரண்டு, திடீரென்று பாய்ந்ததா? பத்து நிமிடத்தில் பத்து பாகை ஏறினால் காற்றைப் பார்க்காதே, கருவியைப் பார்.

மூன்று, அசையாமல் நிற்கிறதா? இரவும் பகலும் ஒரே இலக்கம் என்றால் அது அளக்கவில்லை.

நான்கு, பக்கத்து டிவிஷன் என்ன சொல்கிறது? மூன்று கருவி ஒரு மாதிரியும் ஒன்று மட்டும் வேறு மாதிரியும் சொன்னால், அந்த ஒன்றைப் போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் சரியாகவும் இருக்கலாம், பள்ளத்து மலை மாதிரி. ஆனாலும் போய்ப் பார்க்க வேண்டும்.

இதோடு என் அப்பா சொல்லித் தந்த ஒன்றையும் சேர்க்கிறேன். அவர் தோட்டத்து ஆபீஸில் தப்பால்காரராக இருந்தார். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியை எடுத்து அளந்து புத்தகத்தில் பதிவது அவர் வேலை. ஒருமுறை காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டார். எழுந்து போனபோது, அந்த இரண்டு நாளுக்கும் எதையாவது போட்டு வையுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஆபீஸில் சொன்னார்களாம். அப்பா இரண்டு கட்டத்திலும் "வாசிக்கவில்லை" என்று எழுதினார். வீட்டில் எங்களிடம் சொன்னார்: "பூச்சியம்னா மழை இல்லைன்னு அர்த்தம். வாசிக்கலைன்னா தெரியாதுன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணாடா?" ஒன்றில்லை. மழை இல்லை என்று எழுதினால் கேட்கிறவன் தூங்கப் போவான். தெரியாது என்று எழுதினால் எழுந்து போய்ப் பார்ப்பான்.

இந்த வித்தியாசம் அரைப் பேரோடு முடிகிற விஷயம் இல்லை. உயிரோடு சம்பந்தப்பட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தபோது மலையகம் முழுக்கச் சரிந்ததையும், நூற்றுக்கணக்கான உயிர்கள் போனதையும் நாம் மறக்கவே முடியாது. மண்சரிவு அபாயத்தைச் சொல்வதற்கு மழை அளவுதான் முதல் கணக்கு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருங்கள், 100 தாண்டினால் போகத் தயாராகுங்கள், 150 தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 கொட்டினால், ஆபத்தான இடத்தை விட்டு வெளியேறுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிவந்திருக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். மழைமானிப் புனலில் ஒரு கைப்பிடி இலை அடைத்திருந்தால் அந்த 150 எத்தனையாகக் காட்டும்? யாரை எழுப்பும்?

ஆகையால் சில வேலைகளை நாமே செய்யலாம். பெரிய செலவு இல்லை.

வாரம் ஒருமுறை மழைமானிப் புனலையும் வெப்பமானிப் பெட்டியையும் துடைத்துச் சுத்தம் செய்வதை இளைஞர் மன்றம் பொறுப்பெடுக்கட்டும். தோட்டத்து ஆபீஸில் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். கேட்காமல் கருவியில் கை வைக்காதீர்கள். வருடத்தில் ஒருமுறை, டிசம்பர் மாதம், உறைபனிக் காலம் தொடங்கும் முன்பு, ஐஸ் சோதனை செய்து, எத்தனை பாகை பிழை என்று ஒரு துண்டில் எழுதிக் கருவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பிழை உள்ள கருவி கெட்ட கருவி இல்லை. எத்தனை பிழை என்று தெரியாத கருவிதான் கெட்டது.

ஒவ்வொரு லயத்திலும் ஒரு சாட்சி மழைமானி வையுங்கள். பக்கம் நேராக உள்ள, அடி தட்டையான ஒரு டின் போதும். வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூரைத் தண்ணீரும் மரத் தண்ணீரும் விழாத வெளியில், காற்றில் சாயாமல் கல் வைத்து நிறுத்தி, காலையில் பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை அளந்தால் அதுவே மில்லிமீற்றர் மழை. ஆபீஸ் கருவிக்கும் இதற்கும் சின்ன வித்தியாசம் வந்தால் பரவாயில்லை. இது தொண்ணூறும் அது பூச்சியமும் என்றால் ஓடிப் போய்ச் சொல்லுங்கள்.

மாதர் சங்கத்துக்கு ஒரு வேலை. உறைபனி விழுந்த காலையில் எந்த மலை, எந்த இடத்தில் இருந்து எந்த இடம் வரை வெள்ளை, எத்தனை மணிக்குக் கரைந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கையில் தொலைபேசி உள்ளவர்கள் ஒரு படமும் எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று வருடக் குறிப்பு சேர்ந்தால் அதை யாரும் தள்ளிவிட முடியாது. நான் சொன்ன அந்தத் தோட்டத்தில், பெட்டி வைத்த அடுத்த வருடத்தில் இருந்து, இப்படி ஒரு கொப்பியும் பெட்டிக் கணக்கும் பெரட்டுக்களத்துக்கு ஒன்றாக வந்தன. வெள்ளை விழுந்த காலையில் பள்ளத்து ஆட்களுக்கு மேட்டு மலையில் வேலையும் முழுப் பேரும் கிடைத்தன. சண்டை போட்டுக் கிடைத்ததில்லை. இரண்டு கணக்கும் ஒத்துப்போனதால் கிடைத்தது.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. மழை நேரத்தில் நிலத்தில் வெடிப்பு தெரிந்தால், கதவு ஜன்னல் திடீரென்று இறுகினால், மரமும் கம்பமும் சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் கலங்கி வந்தால், புதிய இடத்தில் தண்ணீர் பீறிட்டால், எந்தக் கருவி எந்த இலக்கம் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு, பிறகு இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லுங்கள். கருவியைச் சோதிக்க நாளைக்கும் நேரம் இருக்கும்.

அந்தத் தோட்டத்தில் பெட்டி வைத்த நாளில் பெரியம்மாவை அழைத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். ஐஸ் சோதனை பற்றியும் சொன்னேன். மூன்று பிழையையும் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "கருவி பொய் சொல்லலை தம்பி. அதை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை, அவ்வளவுதான்" என்றார். அதுவரை ஐயா என்று கூப்பிட்டவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தம்பி என்று கூப்பிட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை இங்கேயே ஐஸ் சோதனை செய்து காட்டப் போகிறேன். ஒரு கோப்பையும் சந்தேகமும் கொண்டு வாருங்கள். ஐஸ் என் பொறுப்பு.